ஏழாம் நம்பர் மூக்கு

"வெளிய மழை பெய்யுதுங்களா மேடம்?" என்று கேட்டால், "நான் உள்ள வந்தப்பத் தூறிட்டு இருந்துச்சுங்க" என்பார். பெய்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அவர் உள்ளே வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் வானம் என்ன செய்ததோ, அதற்கு அவர் பொறுப்பில்லை. குடை எடுப்பதா வேண்டாமா என்று நானே போய் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான்கு வருடம் அவரிடம் டெக்னீஷியனாக இருந்தேன். கூடத்தின் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். பெயர் போட்டு எழுதினால் வரிக்கு வரி, "இத நான் பாத்தேன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான்கு வருடம் பதில் சொல்லி ஓய்ந்துபோனவள் நான்.

சத்தியமங்கலத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒல்லி உடம்பு, காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட சங்கிலி. எங்களைப் போன்ற சின்னப் பெண்களையும் "வாங்க அம்மணி, போங்க அம்மணி" என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். கேன்டீனில் சாம்பாருக்கு உப்பு சரியா என்று சமையல்காரர் ஆசையாகக் கேட்டால், "என்ற நாக்குக்குச் சரியா இருக்குதுங்க" என்பார். அந்த மனிதர் முகம் சுருங்கிப்போகும். வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று ஒருநாள் கேட்டேன். "போன் பேசறப்ப வாசக் கேட்டுத் தெறக்கற சத்தம் கேட்டுச்சுங்க" என்றார். கட்டிய புருஷன் வீட்டுக்குள் வந்ததைக்கூட ஒரு சத்தமாகத்தான் சொல்வார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலையை ஊரில் விளக்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். ஓர் உயிரின் குடலிலிருந்தோ மூக்கிலிருந்தோ துளியூண்டு எடுத்து, ஜெல்லில் பதித்து, சத்துநீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்தால் அந்தச் செல்கள் குட்டிக் குட்டி உருண்டைகளாக வளரும். கடுகில் பாதிகூட இருக்காது. ஆனாலும் குடலிலிருந்து வந்தது குடல் மாதிரி மடிப்பு வைக்கும், மூக்கிலிருந்து வந்தது சளி சுரக்கும். ஆர்கனாய்டு என்று பெயர். எங்கள் இன்குபேட்டரில் மேல்தட்டில் பழந்தின்னி வௌவாலின் குடல், நடுத்தட்டில் கோழியின் மூச்சுக்குழாய், கீழ்த்தட்டில் மனிதனின் மூக்கு. வௌவால் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கிற வைரஸ் கோழிக்குத் தாவுமா, மனிதனுக்குத் தாவுமா என்று உயிரோடு இருக்கிற யாரையும் தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம். வைரஸை விட்டுப் பார்ப்பது மட்டும் இரண்டு கதவு தாண்டிய தனி அறையில், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு நடக்கும்.

வைரஸ் கதவைத் தட்டும், எந்தச் செல் கதவைத் திறக்கிறதோ அங்கே நுழையும் என்று புதிதாக வந்த மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "கதவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அம்மணி" என்றார். அத்தோடு என் கதை முடிந்தது.

அந்த உருண்டைகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்ற வேண்டும். ஞாயிறு, பொங்கல், கிறிஸ்துமஸ் என்று அதற்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மேடம் பூசைக்குப் போகிற பட்டுப்புடவையோடு வந்து, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிண்ணத்தையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாதா கோயிலுக்குப் போவார். மூக்கு உருண்டைகளில் நுண்ணிய மயிர்கள் அசைவது தெரியும். "வாங்க, பாருங்க, எப்படி வீசுது பாருங்க" என்று அப்போது மட்டும் குரலில் ஒரு குழைவு வரும். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அந்த ஞாயிறுகளில்தான்.

பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். அடுத்த கொள்ளைநோய் கொங்கு நாட்டு வௌவாலிலிருந்து வருமா என்று கேட்டார். "அத நான் பாக்கலீங்க" என்றார் மேடம். அப்படியானால் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா என்றார் அவர். "அதையும் நான் பாக்கலீங்க." ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அவர் ஒரு டீயோடு எழுந்து போனார். எங்கள் இயக்குநருக்கு வந்ததே கோபம். இப்படிப் பேசினால் நாளைக்கு யார் நிதி கொடுப்பார்கள் என்று எங்கள் முன்னாலேயே சத்தம் போட்டார். மேடம் தலையை ஆட்டி முழுசாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "தீனி மாத்தற நேரமுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

இதில் நான் மாட்டிக்கொண்டது எங்கள் ஊரால்தான். கிணத்துக்கடவுக்கு உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். பள்ளத்தோரம் கருப்பராயன் கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு மருதமரம், இரண்டிலும் இலைக்குச் சமமாக வௌவால். அவை மிரளும் என்று எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளைப் பொள்ளாச்சிக்கு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பி வெடிக்கவைத்துக் கூட்டிவருவார்கள். அந்த மரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் என் அண்ணனின் கோழிப்பண்ணை. அப்பா போன பிறகு என்னை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்கவைத்தவர் இந்த அண்ணன்தான். தனக்கென்று ஒரு சட்டை எடுக்க யோசிப்பார், என் ஹாஸ்டல் ஃபீஸுக்கு ஒரு நாள் யோசித்ததில்லை.

வௌவாலைப் பிடிக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. மின்கம்பியில் அடிபட்டு விழுந்ததை மட்டும், வனத்துறையிடம் சொல்லிவிட்டு, சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். கம்பியில் ஏதாவது தொங்கினால் போன் பண்ணச் சொல்லி அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தேன். ஒருநாள் காலையில் பண்ணினார். ஐஸ் பெட்டியோடு ஜீப்பை விரட்டிக்கொண்டு மேடமும் நானும் போய் இறங்கினால், அண்ணன் வாசலில் பெருமையாக நிற்கிறார். "கெட்டுப்போயிரும்னு ஃப்ரீசருக்குள்ள வெச்சுப்போட்டேனுங்க" என்றார். போய்த் திறந்தால், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் பேப்பரில் சுற்றின வௌவால், கல்லு மாதிரி. உறைந்துவிட்டால் செல் செத்துவிடும், ஒன்றுக்கும் ஆகாது. போதாததற்கு அதை வெறுங்கையால் எடுத்து வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மேடம் அண்ணனைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டு எவ்வளவு நேரம் கழுவ வேண்டும் என்று சொல்லி, கூடவே நின்று கழுவவைத்தார். ஃப்ரீசரைத் துடைக்க அம்மாவுக்கு மருந்து கலந்து கொடுத்தார். பிறகு உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார்.

காப்பி குடிக்கும்போது அண்ணன் தும்மினார். எங்கள் அண்ணன் தும்மலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணத் தும்மல் இல்லை அது. முதலில் நீளமாக ஓர் இழுப்பு, அப்புறம் மூன்று வெடி. ஷெட்டில் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து இறக்கையை அடிக்கும். மேடம் கையிலிருந்த டம்ளர் குலுங்கிப் புடவையில் காப்பி சிந்தியது. "தீபாவளிக்கு வெடி இல்லாத ஊருன்னு சொன்னீங்களே அம்மணி" என்றார். நான்கு வருடத்தில் அவர் அடித்த ஒரே பகடி அதுதான்.

அப்புறம் ஒழுங்காக இரண்டு வௌவால் கிடைத்தது. அவற்றின் குடல் உருண்டைகள் நன்றாக வளர்ந்தன. அவற்றுக்குள் இதுவரை பேர் வைக்காத ஒரு வைரஸ் இருந்தது. வௌவால் உருண்டையில் அது பாட்டுக்கு இருந்தது. கோழி உருண்டையில் விட்டோம், வைரஸ் வளராமலே செத்துப்போனது. கூடத்தில் இருந்த மனித மூக்கு எல்லாம் நகரத்துக்காரர்களுடையது. மரத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் மூக்கிலும் பார்க்க வேண்டும் என்று மேடம் அனுமதி வாங்கினார். ஊர் மண்டபத்தில் முகாம் போட்டோம். மூக்குக்குள் சின்ன பிரஷ் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பேசியதற்காகப் பதினோரு பேர் வந்தார்கள்.

வந்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டுமே. "நீங்க மொதல்ல போங்க." "அட, நீங்க பெரியவரு, நீங்க போங்க." "எனக்கென்ன அவசரமுங்க, நீங்க போயிட்டு வாங்க." இப்படியே அரைமணி நேரம் போனது. அண்ணன்தான் முதலில் நிற்பதாக இருந்தது. எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டு ஏழாவதாகப் போய் நின்றார். நர்ஸம்மா பிரஷ் எடுத்தார். நான் குழாய் எடுத்துக் கொடுத்தேன். குழாயில் எண் மட்டும், பெயர் இல்லை. எந்த எண் யாருடையது என்ற பதிவேடு ஆபீஸ் பூட்டுக்குள் போய்விடும். யாருடைய மூக்கு என்று சோதிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. அதனால் மேடம் மண்டபத்தின் மூலையில், ஐஸ் பெட்டிக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஒவ்வொரு குழாயையும் பின்னால் நீட்டிய கையில் நான் வைத்தேன். ஊர்ச் சனத்துக்கு இது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. பிரஷ் வெளியே வந்ததும் அண்ணன் இழுத்து ஒரு தும்மல் போட்டார், மண்டபமே அதிர்ந்தது. மேடம் திரும்பவில்லை.

எனக்கும் தெரியக்கூடாதுதான். ஆனால் குழாயைக் கையில் வாங்கியவள் நான், கூடப்பிறந்தவன் எத்தனாவதாக நின்றான் என்பதை எப்படி மறப்பது?

பதினோரு மூக்கும் வளர்ந்தன. வைரஸை விட்டோம். பத்துக் கிண்ணத்தில் ஒன்றுமில்லை. ஏழாவதில் வளர்ந்தது. அளவு எடுக்கிற கருவியின் திரையில் ஏழாவது கோடு மட்டும் மேலே ஏறியது. நான் கிண்ணம் எதையோ மாற்றி வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று மாசாணியம்மனை வேண்டிக்கொண்டேன். மேடம் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார். மறுபடியும் ஏழாவதில் வளர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். யாருடைய எண் என்று சொல்லவில்லை.

"மேடம், அந்த ஏழாம் நம்பர்காரருக்கு நெசமாவே இந்த வைரஸ் ஒட்டுனா என்னங்க ஆகும்?"

"தெரியாதுங்க."

"உங்களுக்குன்னு ஒரு நெனப்பு இருக்குமில்லீங்க?"

"தட்டுல இருக்கறது மூக்குத் தோலு மட்டுந்தானுங்க அம்மணி. முழு மனுசன் இல்லீங்க. அவரு ரத்தம், எதிர்ப்புச் சக்தி, அதெல்லாம் நம்ம தட்டுல இல்லீங்க. அவருக்கு ஒட்டாமயே போகலாம். ஒட்டுனாலும் ரெண்டு நாள் சளியோட போயிரலாம்."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். நல்ல பக்கத்துக்கு இரண்டு 'லாம்' சொன்னவர் கெட்ட பக்கத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் மேஜை மேலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவருகிட்டச் சொல்லிப்போடலாமுங்களா?" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

என்னவென்று சொல்வேன்? உன் மூக்கு மற்றவர்கள் மூக்கு மாதிரி இல்லை என்றா? மருந்து கிடையாது, ஊசி கிடையாது, நோய் என்றே இன்னும் ஒன்று கிடையாது, ஆனாலும் பயந்துகொள் என்றா? எனக்கு மேடம் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒன்றும் ஆகாது என்று ஒரு பொய் சொன்னால் இவருக்கு என்ன குறைந்துபோகும் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கத் திட்டித் தீர்த்தேன். திட்டினாலும், அவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றாவது முறையும் செய்தோம். அந்தத் தடவை ஏழாவதிலும் வளரவில்லை. பதினோரு கோடும் தரையோடு கிடந்தன. நான் துள்ளிக் குதித்தேன். மேடம் குதிக்கவில்லை. மூன்றில் இரண்டு என்று எழுதிக்கொண்டார். நான்காவது முறை செய்தால் தெரியும் என்று இருந்தபோது திட்டக்காலம் முடிந்தது. நீட்டிக்கச் சொல்லி அவர் எழுதினார். கூடத்தில் இருந்தவர்கள், உறுதியாக ஏதாவது எழுதுங்கள், ஆபத்து என்றாவது எழுதுங்கள், நிதி தானாக வரும் என்று சொல்லிப் பார்த்தார்கள். "ரெண்டு தடவ பாத்தேனுங்க. ஒரு தடவ பாக்கலீங்க" என்று எழுதி அனுப்பினார். நிதி வரவில்லை. திட்டம் முடிந்தால் கொடுத்தவர்களின் செல்களை அழித்துவிட வேண்டும் என்பது கையெழுத்து வாங்கும்போதே போட்ட விதி. பதினோரு மூக்கையும் அவர் கையாலேயே எடுத்துப்போய், நீராவியில் கிருமி கொல்லும் கலனில் வைத்தார். ஏழாவதைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அதற்குமுன் ஒரு தடவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை.

ஊருக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. அதே மண்டபம், அதே பதினோரு பேர், கூட இன்னும் ஊர்ச் சனம். மேடம் பார்த்ததைச் சொன்னார். ஒருத்தருடைய செல்லில் மட்டும், கண்ணாடித் தட்டில், மூன்று தடவையில் இரண்டு தடவை வளர்ந்தது என்றார். யார் என்று கேட்டார்கள். சொல்லக்கூடாது என்றார். அவ்வளவுதான், மண்டபத்தில் ஒரே சிரிப்பு. பக்கத்துத் தோட்டத்து மாமாவின் பெரிய மூக்கைக் காட்டி, "இதுல பத்துக் குடும்பம் குடியிருக்கலாமுங்க, இவருதான்" என்று அண்ணனே முதலில் ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் புரொஜெக்டர் வயரைச் சுற்றிக்கொண்டு தலை குனிந்திருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் எழுந்து நின்றார். "ஏனுங்க டாக்டரம்மா, எங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடுங்க. நாங்க என்ன பண்ணோணும்? மரத்த வெட்டிப்போடட்டுங்களா?"

"வெட்டுனா அதுக எங்க போகும்னு எனக்குத் தெரியாதுங்க."

"அப்ப உட்டறலாமுங்களா?"

"உட்டா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியாதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "கையில தொடாதீங்க. கடிச்சுப் போட்ட பழத்த எடுக்காதீங்க. கீழ கூட்டறப்ப மூக்கக் கட்டிக்குங்க. கைய நல்லாக் கழுவுங்க" என்றார்.

இதைச் சொல்லவா இத்தனை வருடம், இத்தனை மிஷின் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அண்ணன் மட்டும் கும்பிட்டு, "சரீங்க, நொம்ப சந்தோசமுங்க" என்று உட்கார்ந்தார். மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

அண்ணனுக்கு நான் ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். எனக்காக ஒரு வாரம் போட்டார். அப்புறம் நான் போகிற நாளில் மட்டும் தாடையில் தொங்கும். "கண்ணு, அதக் கட்டுனா எனக்குத் தும்மக்கூட முடியறதில்ல" என்பார்.

மேடம் ஓய்வு பெற்றுச் சத்தியமங்கலம் போய்விட்டார். எனக்கு இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வருடா வருடம் ஐப்பசி மழை பிடித்தால் அவரிடமிருந்து போன் வரும். என் வேலை, என் பையன் படிப்பு எல்லாம் கேட்பார். கடைசியில், "அண்ணன் எப்படி இருக்காருங்க? சளி கிளி ஒண்ணும் இல்லீங்களே?" என்பார். நன்றாக இருக்கிறார் என்பேன். எப்போது பேசினீர்கள் என்று கேட்பார். நேற்று என்றால், "இன்னிக்கு ஒருக்காப் பேசிப்போட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவார். முதல் வருடம் மரியாதைக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் வருடமும் அப்படித்தான். மூன்றாம் வருடம்தான் உறைத்தது. அந்தப் பதினோரு பேரில் வேறு யாரையும் அவர் கேட்டதேயில்லை. காப்பி கொடுத்த அம்மாவைக்கூடக் கேட்டதில்லை.

"மேடம்," என்றேன். "ஏழாம் நம்பர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் பாக்கலீங்க அம்மணி" என்றார். "தும்மல் கேட்டுச்சுங்க."

இத்தனை வருடமும் எனக்கு மட்டும்தான் என்று நினைத்து நான் சுமந்த பயத்தை, அவரும் அங்கே தனியாக உட்கார்ந்து சுமந்திருக்கிறார். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

சென்ற வாரம் கல்யாண வீடு ஒன்றில் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணன் நல்லா இருக்காருங்களா?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். நல்லா இருக்காருங்க என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான்.

"காத்தால பேசினப்ப நல்லா இருந்தாருங்க" என்றேன்.